ராணிமா வீட்டுப் பந்தி

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்கள் பவானிபூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேற்கே ஆதி கங்கைக் கரை வரை நடந்து பாருங்கள். அந்த வீடு அங்கேதான் நிற்கிறது. இன்று செவ்வாய்க்கிழமை, 1986 நவம்பர் 11. நாளை சாயங்காலம் வரை அது நிற்குமா என்பது தெரியாது. அதனால்தான் இதை இன்றைக்கே எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வேதாச்சலம். செங்கல்பட்டுக்காரன். கல்கத்தாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது வேலை. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்க வேண்டியவன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆசாமி நான். அதுவரை நான் பயந்ததெல்லாம் ஆடிட் பார்ட்டிக்கு மட்டும்தான்.

1979 செப்டம்பர். துர்கா பூஜைக்குப் பந்தல் மூங்கில்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஆதி கங்கையின் குறுக்கே புதுப் பாலம் ஒன்று கட்டத் திட்டம். கங்கை என்பது பெயருக்குத்தான். பார்த்தால் கறுப்புத் தண்ணீர்க் கால்வாய், கடலின் ஏற்ற வற்றத்துக்கு ஏறி இறங்கும். பாலம் வந்து இறங்கும் இடத்தில் ஒரு பழைய வீடு குறுக்கே நின்றது. அதை அளந்து, இடிக்க வேண்டிய பகுதியைச் சிவப்பு மையில் குறிக்கச் சொன்னார் எங்கள் எஞ்சினியர் மஹாதேவன் சார்.

அந்த வட்டாரத்தில் அதை ராணிமா வீடு என்பார்கள். அரண்மனை எல்லாம் இல்லை. ஒரு படித்துறை, ஒரு காளி கோயில், அதை ஒட்டி ஆதரவற்ற பெண்களுக்குச் சோறு போட ஒரு நீளமான கூடம். மூன்றையும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கட்டியவள் ராணி ஹரசுந்தரி என்ற ஜமீன்தார் வீட்டு விதவை. படித்துறைக் கல்லில் அவள் பெயர். கோயில் நிலையில் அவள் பெயர். கூடத்து வாசலிலும் அவள் பெயர்தான். ராஜா என்று ஒருவர் இருந்திருக்க வேண்டுமே, அவர் பெயரை நான் தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

வெளிப்புறம் அளந்து முடித்தேன். கூடத்தின் நீளம் நாற்பத்திரண்டு அடி. உள்ளே போகப் பார்த்தபோது சாருபாலா என்ற பெண் வாசலில் வந்து நின்றுகொண்டாள். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டைக் காவல் காக்கிற குடும்பம் அவளுடையது.

“உள்ளே ஆம்பளை காலடி படக் கூடாது. ராணிமா போட்ட விதி,” என்றாள் வங்காளியில்.

கவர்மென்ட் ஆர்டர் என்று காகிதத்தை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. உள் அளவு இல்லாமல் வரைபடம் முடியாது. அப்போதுதான் எனக்கு அந்த அதிமேதாவி யோசனை தோன்றியது. கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன என் மனைவி நாகலட்சுமி வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்? டேப்பின் நுனியை அவள் உள்ளே கொண்டுபோய்க் கடைசிச் சுவரில் பிடிக்கட்டும். நான் வாசலில் நின்று அளவைப் படித்துக்கொள்கிறேன். அப்படியே காளிகாட் கோயிலையும் பார்த்தது போல ஆயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை. நல்ல வெயில். நாகு பச்சைச் சேலை கட்டியிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, டேப்பின் வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கூடத்துக்குள் ஒரே இருட்டு. டேப் என் கையிலிருந்து சரசரவென்று ஓடியது.

இருபது அடி. முப்பது. நாற்பது.

நிற்கவில்லை.

ஐம்பது... அறுபது...

“நாகு, சுவர் வரலியா?”

“இன்னும் கொஞ்சம் தூரம் இருக்குங்க.”

எண்பது... தொண்ணூறு... நூறடி டேப் முழுவதும் ஓடித் தீர்ந்து, பெட்டி என் கையில் வெடுக்கென்று இழுத்தது.

அப்போது வாசனை வந்தது. சுடச்சுடக் கிச்சடி, அதன் மேல் விட்ட நெய். கரண்டி அண்டாவில் தட்டும் சத்தம். நிறையப் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் சத்தம். எல்லாம் பெண்கள், மெல்லப் பேசிக்கொள்கிறார்கள். ஒன்று மட்டும் குறைந்தது. வளையல் சத்தம் இல்லை.

“நாகு!”

“கையைக் காட்டி உக்காரச் சொல்றாங்க. வேணாம்னா விட மாட்டேங்கறாங்க. எனக்கும் பசிக்குதுங்க,” என்றது அவள் குரல், எங்கோ தூரத்திலிருந்து.

சாருபாலாவைத் திரும்பிப் பார்த்தேன். “உள்ளே யார் சமைக்கிறார்கள்?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “சமையலா? நாற்பத்து மூன்றாம் வருஷத்துப் பஞ்சத்தோடு இந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் ஆகிறது.”

விதியாவது ஒன்றாவது என்று உள்ளே ஓடினேன்.

கூடம் காலியாக இருந்தது. நாற்பத்திரண்டு அடிதான். ஜன்னல் வழியே வெயில் விழுந்து தரையெல்லாம் தெரிந்தது. என் டேப் நடுவில் குவியலாகக் கிடந்தது. கடைசிச் சுவரோரம் நாகு மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு வாழையிலை. அதை அவள் தன் பக்கமாக மடித்து முடித்திருந்தாள்.

“ரெண்டு தடவை பரிமாறினாங்க. எல்லாரும் வெள்ளைச் சேலை, பாவம். எவ்ளோ பெரிய பந்தி! நீங்க பாக்கலியா?” என்றாள். பிறகு இலையை எடுத்துக்கொண்டு, கை கழுவப் படித்துறைக்கு நடந்தாள்.

அந்த மடித்த இலையைப் பார்த்த சாருபாலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கமாக மடிப்போம். மனம் நிறைந்தது, உறவு தொடரட்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிப்போம். வங்காளத்தில் யாரும் மடிப்பதில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் ராணிமா வீட்டில் மட்டும் அதற்கு வேறொரு விதி இருந்திருக்கிறது. சாருபாலா அவசர அவசரமாகச் சொன்னாள்.

ராஜா இறந்ததும், கொழுந்தனும் வெள்ளைக்காரக் கலெக்டரும் சேர்ந்து ராணியின் சொத்தைப் பறிக்கப் பார்த்தார்கள். அவளிடம் கத்தியும் இல்லை, ஆளும் இல்லை. அவள் கோயில் கட்டினாள். நிலத்தையெல்லாம் காளிக்கு எழுதினாள். படித்துறையை யாத்திரிகருக்குக் கொடுத்தாள். கூடத்தில் விதவைகளுக்குச் சோறு போட்டாள். இலையைத் திறந்தபடி விட்டு எழுந்தவள் விருந்தாளி, போகலாம். மடித்தவள் ராணியின் ஆள். அரசாங்கம் சீல் வைக்க வந்தபோதெல்லாம், மடித்தவர்கள் அத்தனை பேரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். சாமி சன்னிதியில் உட்கார்ந்த விதவைகளின் மேல் கை வைக்க எந்தத் துரைக்கும் துணிவு வரவில்லை. மூன்று தடவை வந்தார்கள், மூன்று தடவையும் திரும்பிப் போனார்கள். கடைசி வரைக்கும் அந்தச் சீமையை ஆண்டவள் அவள்தான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்கிறோம். உயிர் உள்ளளவும் என்பது அந்த ராணிக்குப் போதவில்லை.

“வீட்டுக்கு ஆபத்து என்றால் மடித்தவள் வந்து உட்கார வேண்டும். ஆபத்து நீங்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. சுவர் தலையில் விழுந்தாலும் சரி,” என்றாள் சாருபாலா.

“இதிலிருந்து விடுபட வழியே இல்லையா?”

“மடித்தவளே அந்த இலையைப் பிரித்துவிட வேண்டும். சீக்கிரம் போங்கள்!”

படித்துறைக்கு ஓடினேன். நாகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். இலை தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. வற்றம் ஆரம்பித்திருந்தது. முழங்கால் சேற்றில் இறங்கினேன், இடுப்பளவு இறங்கினேன். கறுப்புத் தண்ணீரில் அந்தப் பச்சை இலை, மடித்தது மடித்தபடி, கைக்கு எட்டாமல் போயிற்று.

திரும்பும்போது டிராமில் நாகு என் காதருகே சொன்னாள். “நாள் தள்ளிப் போயிருக்குங்க. அதான் அப்படிப் பசிச்சுதோ என்னவோ.” அவளுக்கு வெட்கம், சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட்டது அவள் மட்டுமில்லையே என்று தோன்றியது.

அதன் பிறகு தினமும் ஒரு வேலை ஆரம்பித்தது. சாயங்காலம் விளக்கு வைத்து, வீட்டுக்கு வீடு சங்கு ஊதுவார்கள் பாருங்கள், அந்தச் சத்தம் கேட்டதும் நாகு செய்கிற காரியத்தை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். முகம் ஆதி கங்கை இருக்கும் திசையில். கூப்பிட்டால் கேட்காது. ஒரு சாப்பாட்டு நேரம் கழித்து எழுந்து, “பால் பொங்கிடுச்சா?” என்பாள். உட்கார்ந்தது அவளுக்கே தெரியாது.

வரைபடத்தில் அந்தக் கூடத்தைச் சிவப்பு மையில் குறித்தவன் நான். மஹாதேவன் சாரிடம் போய் நின்றேன். வீட்டைச் சுற்றிப் பாலத்தைத் திருப்ப முடியாதா என்று கேட்டேன். என் மனைவியைப் பற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை.

“ஓய், டிராயிங் போட்டதே நீர்தானே? ஃபைல் டில்லிக்குப் போய் சாங்ஷன் ஆகி வந்தாச்சு. இனிமே பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது,” என்றார்.

நவம்பர் 14, புதன்கிழமை. பின்சுவரை இடிக்கிற நாள். நான் லீவு போட்டுவிட்டு, வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் போர்ஷன் பவானிபூரில் முதல் மாடி. வீட்டுக்கார அம்மாளும் துணைக்கு உட்கார்ந்திருந்தாள், மாஷிமா என்று கூப்பிடுவோம். நாகு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபதுக்கு மின்சாரம் போயிற்று. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

நாகு கத்தியைக் கீழே வைத்தாள்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நாகு... வேண்டாம்மா... எழுந்திரு.”

கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். மாஷிமாவும் பிடித்தாள். நாலு மாதக் கர்ப்பிணி, ஒல்லி உடம்பு. இரண்டு பேராலும் ஒரு விரல்கடை உயரம் தூக்க முடியவில்லை.

தொம்...

எங்கிருந்தோ. மிகத் தூரத்திலிருந்து.

அவள் தலைமேல் ஏதோ உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு. பழைய, ஈரமான சுண்ணாம்பு.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மேற்கூரையில் ஒரு கீறல்கூட இல்லை.

தொம்...

இந்தத் தடவை செங்கல் தூள். அவள் வகிட்டில். தோளில். மடியில்.

மாஷிமா “மா, மா கோ” என்று அலறினாள்.

நான் நாகுவின் மேல் குனிந்து, என் முதுகால் அவளை மூடிக்கொண்டேன். என் முதுகில் ஒன்றும் விழவில்லை. எனக்குக் கீழே, அவள் தலையில் விழுந்துகொண்டே இருந்தது.

அவள் வாய் திறந்தாள்.

“உட்போ நா.”

எழுந்திருக்க மாட்டேன். வங்காளி. அவளுக்கு வங்காளியில் ஒரு வார்த்தை தெரியாது.

தொம்...

அவள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்... வேறு எதைச் செய்வது...

நாலாவது சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு மின்சாரம் வந்தது. நாகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, “என்னங்க இது, தலையெல்லாம் மண்ணு?” என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் மஹாதேவன் சார் என்னைத் தனியாக அழைத்துக் கதவைச் சாத்தினார். மனுஷர் ஒரே ராத்திரியில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார்.

“மூணு அடி விழுந்தது ஓய். நாலாவதுக்குக் கடப்பாரையை ஓங்கினவன் கீழே போட்டுட்டு ஓடிட்டான். சுவர்லே விழுந்த ஓட்டை வழியா எட்டிப் பார்த்தேன். உள்ளே கூடம் பூரா பொம்மனாட்டிகள். வரிசையா உட்கார்ந்துண்டு என்னையே பார்க்கறா. எல்லாம் வெள்ளைப் புடவை. நடுவிலே ஒருத்தி மட்டும் பச்சைப் புடவை, மஞ்சள் கயிறு, ரெண்டு பக்கமும் மூக்குத்தி. நம்ம ஊர்க்காரி ஐயா! நம்ம ஊர்க்காரி அங்கே எப்படி வந்தா?”

அவர் நாகுவைப் பார்த்ததே கிடையாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்று பூராவும் வீட்டில் அவள் கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை.

சார் என்ன எழுதினாரோ, பாலம் வேறு இடத்துக்குப் போயிற்று. சங்கு ஊதினாலும் நாகு உட்காருவது நின்றது. ஏப்ரலில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஷியாமளா. சால்ட் லேக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடி வந்தோம். எங்கள் வீட்டில் அதன் பிறகு வாழையிலையே கிடையாது, தட்டுதான். ஏழு வருஷம் நிம்மதியாக ஓடியது.

போன ஞாயிற்றுக்கிழமை மஹாதேவன் சார் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ரிடையராகி மெட்ராஸுக்குக் கிளம்புகிறார். நாகுவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கு அது எதிர்பார்த்ததுதான். உள்ளே வந்து உட்கார்ந்தவர், மெல்லத் தேறி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அந்த ஃபைலை மறுபடி எடுத்துட்டா ஓய். இப்ப ரோடை அகலப்படுத்தணுமாம். வர புதன்கிழமை இடிக்கறா. புது எஞ்சினியர், சின்னப் பையன். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கறான்.”

அப்போது ஷியாமளா வெளியே விளையாடிவிட்டு உள்ளே ஓடி வந்தாள். சாரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

“என்ன சார்?”

“அன்னிக்கு உம்மகிட்டே ஒண்ணை மறைச்சுட்டேன். பச்சைப் புடவைக்காரி பக்கத்திலே ஒரு பொண்ணு குழந்தையும் உட்கார்ந்திருந்தது. ஆறு வயசு இருக்கும்.” அவர் ஷியாமளாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இவதான் ஐயா. இதே முகம். என்னைப் பார்த்துச் சிரிச்சா. ஆனா அந்தக் குழந்தைக்கு முன்பல் ரெண்டும் இல்லே.”

ஷியாமளாவுக்கு ஒரு பல்தான் விழுந்திருந்தது. பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருந்தது.

அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பல் புதன்கிழமை தாண்டி நின்றுவிட்டால், சார் பார்த்தது இந்த வாரத்துக் குழந்தை இல்லை. சிரிப்பீர்கள். சிரியுங்கள். புது எஞ்சினியர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டேன். சாருபாலாவைத் தேடிப் போனேன். அவள் இறந்து மூன்று வருஷம் ஆகிறதாம். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பால்பல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து குழந்தைக்குக் குழைந்த ரசம் சாதம், கஞ்சி. முறுக்கு டப்பாவை ஒளித்து வைத்தேன். கொய்யாப் பழத்தைப் பிடுங்கிக்கொண்டதற்கு அழுதாள். நாக்கால் பல்லை ஆட்டாதே என்று பின்னாலேயே அலைந்தேன். “குழந்தையை ஏன் இப்படி வாட்டறீங்க?” என்று நாகு சண்டை போட்டாள். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. இன்று காலை தொட்டுப் பார்த்தேன். ஆடியது. ஆனால் இருந்தது.

இதுவரைக்கும் எழுதி முடித்தபோது பக்கத்து பிளாக்கில் சங்கு ஊதினார்கள்.

ஷியாமளா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். முழங்கையைத் தொட்டாள்.

“அப்பா, பாரு. தானா வந்துடிச்சு. வலிக்கவே இல்ல.”

உள்ளங்கையை விரித்தாள்.

சிரித்தாள்.

சமையலறையிலிருந்து நாகு கூப்பிடுகிறாள், பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிய வேண்டும் என்று. நாளை புதன்கிழமை.